கேட்காமல் கொடுத்த இடம்

நாகிசா விழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த கூத்தில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். நாமாவது ஞாபகம் வைத்திருப்போம்.

டிசம்பர் கடைசியில் ஒசாகாவில் தேசியப் பனிச்சறுக்கு நடனப் போட்டி. எந்தெந்த ஊரில் ஐஸ் தளம் இருக்கிறதோ அந்தந்த ஊர்ப் பெண்களெல்லாம் இந்த நான்கு நாளுக்காகத்தான் வருஷம் முழுக்க அரை வயிற்றோடு இருக்கிறார்கள். காரணம், மார்ச்சில் உலகப் போட்டி. ஜப்பானிலிருந்து மூன்று பெண்கள் போகலாம். முதலாவதாக வந்தவள் நேராகப் போவாள். மற்ற இரண்டு பேரைச் சங்கத்தின் தேர்வுக் குழு கூடிப் பேசி முடிவு செய்யும். பேசுவதெல்லாம் பேச்சுக்குத்தான். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவர்களையே அநேகமாக அனுப்பிவிடுவார்கள்.

நாகிசாவுக்கு வயது இருபத்திரண்டு, கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் நாட்டில் கல்லூரி முடிந்தால் சறுக்கலும் முடிந்த மாதிரி. ஏப்ரல் பிறந்தால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். அவளுக்கும் செந்தாய் நகரத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் நாற்காலி தயாராக இருந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உலகப் போட்டியில் ஆடிவிட வேண்டும். ஆறு வயதிலிருந்து அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஏற்கெனவே இரண்டு வருஷம் அவள் ரிசர்வ் ஆளாக இருந்திருக்கிறாள். ரிசர்வ் என்றால் என்ன தெரியுமா? பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு, போகிற மூவரில் யாருக்காவது காய்ச்சல் வருமா என்று காத்திருப்பது. ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்தவளுக்கு உடம்புக்கு வர வேண்டும் என்று நினைத்த பாவத்துக்காக அவள் கோயிலுக்குப் போய் மணியை அடித்து, கை தட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அப்படிப்பட்ட பெண். அவளுக்குத்தான் இதெல்லாம் நடந்தது.

இடுப்பு வேறு இரண்டு வருஷமாகத் தொந்தரவு. காலையில் படுக்கையைவிட்டு எழுந்து நேராக நிற்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஐஸில் கால் வைத்துவிட்டால் அந்த வலி எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், ஆடி முடித்ததும் வட்டியோடு திரும்பி வரும்.

போட்டியின் கடைசிச் சுற்றான நீள ஆட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் தொகிவா டீச்சர் நின்றிருந்தாள். அவள் ஊரான ஹச்சினோஹெயில் பதினாறு வருஷமாக நாகிசாவுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பவள். திட்டுவதும் அவள்தான், குதிகாலில் கொப்புளம் உடைந்தால் மருந்து போடுவதும் அவள்தான். டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எதையும் யோசிக்காத. போயி ஆடு.”

“சரி டீச்சர்.”

“நல்லா ஆடுடி,” என்றாள் டீச்சர் இன்னொரு தடவை. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கடைசி வருஷம், டீச்சருக்கும் மனசு கேட்காதுதானே என்று நாகிசா நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஆடினாள். முதல் தாவலே பயங்கரமானது. மூன்று சுற்றுச் சுற்றி இறங்கி, அதே காலில் மூச்சுவிடாமல் இன்னொரு மூன்று சுற்று. பயிற்சியில் பத்து தடவை போட்டால் ஆறு தடவை உட்கார்ந்துவிடுவாள். அன்று இறங்கின கால் அப்படியே ஐஸில் வழுக்கிக்கொண்டு போனது, வெண்ணெயில் கத்தி போல. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே கைகூடி வந்தன. பாதி ஆட்டத்தில் ஜனங்கள் பாட்டோடு சேர்ந்து கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிச் சுழற்சியில் சுற்றி நிற்கும்போது கூரை எது, தரை எது என்று தெரியவில்லை. முட்டி போட்டு ஐஸைத் தொட்டு அழுதாள்.

மார்க் வருகிறவரை ஆட்டக்காரியும் பயிற்சியாளரும் உட்கார ஒரு பெஞ்சு உண்டு, கேமரா எதிரிலேயே இருக்கும். அதில் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படி அழுதாள். மார்க் வந்தது, மூன்றாம் இடம்.

“டீச்சர், மூணாவது!”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள். பெற்றவள் மாதிரி அழுகிறாளே என்று நாகிசா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். டி.வி.யில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

நாலாவதாக வந்தது இரோஹா. பதினாறு வயது, அதே டீச்சரின் இன்னொரு பிள்ளை. நடுவில் ஒரு தடவை விழுந்திருந்தாள். “பரவால்லக்கா, எனக்கு இன்னும் வருஷம் இருக்கு,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நாகிசாவின் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தேர்வு முடிவை அறிவிக்கப் போகிறார்கள் என்று எல்லோரையும் அரங்கத்துக்குப் பின்னால் உள்ள பெரிய அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாழ்வாரம் முழுக்கப் பயிற்சியாளர்கள், பத்திரிகைக்காரர்கள், சக ஆட்டக்காரிகள். தேர்வுக் குழுத் தலைவர் செகிமொதோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நாகிசாவிடம் வந்தார். நல்ல மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார்.

“நாகிசா, உங்களத்தான் தேடிட்டு இருந்தேன். சங்கத்தோட சார்புல உங்களுக்கு நன்றி சொல்லணும். இந்த மாதிரி மனசு எல்லாருக்கும் வந்துடாது.”

சொல்லிவிட்டு அவர், அவ்வளவு பெரிய மனுஷன், அவளுக்குத் தலை குனிந்தார்.

அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போனது. யாராவது நன்றி சொன்னால் எங்களுக்கு முதுகெலும்பு தானாக மடங்கிவிடும். என்ன, எதற்கு என்று மூளை கேட்பதற்குள் தலை கீழே போயிருக்கும். நாகிசாவும் அவரைவிடக் கீழே குனிந்தாள்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். இத்தனை வருஷம் என்னைப் பாத்துக்கிட்டதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்.”

“ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

அவள் நினைத்தது இடுப்பு வலியை. அவர் நினைத்தது வேறொன்றை. சுற்றி நின்றவர்கள் மெல்லக் கை தட்டினார்கள். ஒருத்தர் படம்கூட எடுத்தார். நாலு அடி தள்ளி நின்ற தொகிவா டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் போனார்கள். கேமரா விளக்குகளைப் போட்டார்கள். செகிமொதோ மைக்கைப் பிடித்து முதல் பெயரைச் சொன்னார். இரண்டாவது பெயரைச் சொன்னார். நாகிசா எழுந்திருக்கத் தோதாகக் காலை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“மூன்றாவது, இரோஹா.”

அவளுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மைக் பேசிக்கொண்டே போனது. மூன்றாம் இடம் பெற்ற நாகிசா வருங்காலத்தை மனத்தில் கொண்டு தம் இடத்தை இளையவளுக்கு விட்டுக்கொடுத்துத் தாமே விலகிக்கொண்டார். அவருடைய பெருந்தன்மைக்குக் குழு தலைவணங்குகிறது.

அறையே எழுந்து நின்று கை தட்டியது. நேற்று அவள் ஆடினதற்குக்கூட இத்தனை நேரம் தட்டவில்லை. கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. நாகிசாவின் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருந்தது. மூன்று பேரில் ஒருத்தியாக எழுந்து நிற்கும்போது சிரிக்க வேண்டுமே என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த சிரிப்பு. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரோஹா நாற்காலிகளைத் தாண்டி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, நேத்து ராத்திரி டீச்சர் சொன்னப்போ நான் நம்பவே இல்ல. நீங்களா சொன்னீங்களாமே. சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்க்கா.”

“டீச்சரா சொன்னாங்க?”

“ஆமா. நவம்பர்லயே நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு.”

நாகிசா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். என்ன செய்வது, தட்டிக்கொடுத்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் செகிமொதோவைத் துரத்திக்கொண்டு போய் அவருடைய அறை வாசலில் பிடித்தாள்.

“சார், ஒரு நிமிஷம். நான் விலகவே இல்ல சார்.”

அவர் நின்றார். “என்னம்மா சொல்றீங்க?”

“நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லல.”

“காலையில நான் நன்றி சொன்னேனே. அத்தனை பேர் முன்னாடி. நீங்க குனிஞ்சீங்க. கஷ்டமா இல்லன்னீங்க.”

“பதக்கத்துக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன் சார்.”

செகிமொதோ கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். சங்கடப்பட்ட மனுஷன் வேறென்ன செய்வார்?

“உங்க டீச்சர் நவம்பர்ல வந்து சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல தேர்ந்தெடுக்க வேண்டி வந்தா நீங்க ஒதுங்கிக்கிறதா. பயிற்சியாளர் சொன்னா ஆட்டக்காரி சொன்ன மாதிரிதானம்மா. எங்க காலத்துலேர்ந்து அப்படித்தான். தனியா யாரும் கேக்கறதில்ல.”

“இப்ப என்ன சார் பண்றது?”

அவர் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு மூடிமறைக்காமல் சொன்னார். “குழுவுல எல்லாரும் இன்னும் மாடியிலதான் இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் மறுபடி கூட்டுவேன். இடம் உங்களுதுதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தச் சின்னப் பொண்ணைத் திரும்ப கேமரா முன்னாடி கூப்பிட்டு உனக்கு இல்லன்னு சொல்லணும். உங்க டீச்சர் பொய் சொன்னாங்கன்னு குழுவுக்கு முன்னாடி நிக்கணும். அதுக்கப்புறம் அவங்களால எங்கயும் கத்துக்கொடுக்க முடியாது. யோசிச்சு மத்தியானத்துக்குள்ள வந்து சொல்லுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்.”

டீச்சர் எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஊர் அரங்கமானாலும் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு காப்பி இயந்திரம் இருக்கும், அதன் பக்கத்தில் நிற்பாள். நின்றிருந்தாள். சூடான காப்பி டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு, வரட்டும் என்று காத்திருந்த மாதிரி.

“கேக்கணும்னா கேளு,” என்றாள்.

“எதுக்கு டீச்சர்?”

“இரோஹாவோட அப்பா அவளை நகோயாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நின்னார். அங்க பெரிய கோச்சு, பெரிய ரிங்க். இந்த வருஷமே உலகப் போட்டிக்கு அனுப்பிக் காட்டுறேன்னு சொல்லி நிறுத்தி வெச்சேன். நீ மார்ச்சோட போயிடுவ. அவளும் போயிட்டா எனக்கு நம்ம ஊர்ல யார் இருக்கா? குட்டிப் பசங்களுக்குக் கையப் பிடிச்சு நடக்கக் கத்துக்கொடுத்துட்டு உக்காந்திருக்கணும்.”

“அதுக்கு என் இடத்தை எடுத்துக் கொடுத்தீங்களா?”

“நவம்பர்ல உன் இடுப்பு இருந்த இருப்புக்கு நீ மூணாவது வருவேன்னு யார் நெனச்சா? ஏழாவது, எட்டாவது வருவ. சொன்னது சொன்னபடி காத்துல போயிடும், உனக்குத் தெரியவே தெரியாதுன்னு நெனச்சேன்.”

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. துரோகம் செய்ததுகூட அப்புறம். துரோகம் வெளியே வராது, ஏனென்றால் நீ எப்படியும் தோற்றுவிடுவாய் என்று கணக்குப் போட்டிருக்கிறாளே! பதினாறு வருஷம் கூடவே நின்றவள் போட்ட கணக்கு அது.

“நேத்து என் கையப் பிடிச்சுக்கிட்டு நல்லா ஆடுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“எதுக்குச் சொன்னீங்க?”

டீச்சர் காப்பி டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “உன்னை ஐஸ்ல அனுப்பும்போது எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்.”

“கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்ப.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

வாய் கூசாமல் சொன்னாள். நாகிசா அவளை அறைந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். ஆனால் டீச்சர் முன்னால் குரல் உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“செகிமொதோ சார் மறுபடி கூட்டம் போடறேன்னு சொல்றார். நான் போய்ச் சொல்லப் போறேன்.”

“போய்ச் சொல்லு. நான் இல்லன்னு சொல்லமாட்டேன்,” என்றாள் டீச்சர். “ஆனா முதல்ல உங்கம்மாவைப் பாத்துட்டுப் போ.”

“அம்மாவை எதுக்கு?”

டீச்சர் காப்பி டப்பாவைத் திறந்தாள்.

அம்மா சதோயோ வெளியே, அரங்கத்தின் பக்கவாட்டில், வெயில் படுகிற ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஹச்சினோஹெ துறைமுகத்தில் கணவாய் மீன் சுத்தம் செய்கிற கொட்டகையில் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாசனை போகாது என்று வெளியூர் வந்தால் கையுறையைக் கழற்றவே மாட்டாள். மகளுக்காகத் துணியில் முடிந்து கொண்டுவந்த சோற்று உருண்டைகள் மடியில் இருந்தன. நாகிசா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் எப்படி ஓடி வருவாளோ அப்படி.

“அம்மா, டீச்சர் என் இடத்தை இரோஹாவுக்குக் கொடுத்துட்டாங்கம்மா. என்கிட்ட கேக்காம, நானே விட்டுக்கொடுத்ததா சொல்லிட்டாங்க.”

அம்மா எழுந்து, எங்கேடி அந்தப் பொம்பளை என்று கிளம்புவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். கிளம்புகிற ஆள்தான். முன்பு ஒரு தடவை ஐஸ் தளத்து மேனேஜரிடம் இவளுக்காக அப்படிச் சண்டை போட்டிருக்கிறாள்.

அம்மா மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். “மொதல்ல சாப்பிடு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்ட.”

“அம்மா, நான் சொல்றது காதுல விழுதா?”

“விழுதுடி.”

“உனக்குத் தெரியுமா?”

அம்மா உருண்டையை நீட்டினபடி இருந்தாள். நாகிசா அதை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே அதைத் திரும்ப மூட்டையில் வைத்தாள்.

“டீச்சர் நவம்பர்ல வீட்டுக்கு வந்தாங்க. நீ காலேஜுக்குப் போயிருந்த. இப்படிச் சொல்லலாமான்னு கேட்டாங்க. நான் சரின்னேன்.”

“அவங்க உன்கிட்ட கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“என்கிட்ட யாருமே கேக்கலையே அம்மா.”

“நீ மாடி ஏறும்போது எப்படி ஏறுறேன்னு எனக்குத்தான் தெரியும். நாய்க்குட்டி மாதிரி நாலு காலால ஏறுற. அறைக்குள்ள போயி தலையணைய வாயில வெச்சுக்கிட்டு முனகுற. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? டாக்டர் என்ன சொன்னார்? இன்னொரு தடவை மோசமா விழுந்தா இடுப்பை மாத்தணும்னார். இருபத்திரண்டு வயசுல! இன்னும் மூணு மாசம் அதே மாதிரி தாவித் தாவி, கடைசில எங்கயோ ஒரு ஊர்ல போயி உடைச்சுக்கிட்டு வந்தா செந்தாய்ல உன்னை எவன் வேலைக்கு வெச்சுப்பான்? நான் இருக்கிற வரைக்கும் சரி. அப்புறம் யார் உன்னைத் தூக்கி உக்கார வெப்பா?”

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது. டீச்சர் செய்தது களவாணித்தனம், அதைத் திட்டித் தீர்த்துவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“என் இடுப்பும்மா,” என்றாள் நாகிசா. “என்னோடது.”

“பெத்தவளுக்கு அதுல பங்கு இல்லையா?”

“நேத்து நான் ஆடினதைப் பாத்த இல்ல? ஒரு தடவையாவது விழுந்தேனா? அதப் பாத்த அப்புறமாவது போயி வேணாம்னு சொல்லியிருக்கலாமே. ராத்திரி முழுக்க நேரம் இருந்துச்சே.”

அம்மா கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பேசினபோது அவள் முகம் மகள் பக்கம் திரும்பவில்லை.

“நான் ஆட்டத்தப் பாக்கல. குனிஞ்சு வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

“என்ன வேண்டிக்கிட்ட?”

“நீ விழுந்துடணும்னு.”

தெருவில் பேருந்து ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். போட்டி முடிந்தபின் சும்மா ஆடிக்காட்டுகிற அன்றைய கண்காட்சி ஆட்டத்துக்கு வந்தவர்கள், கையில் நாகிசாவின் பெயர் எழுதின துணிகூட ஒருத்தியிடம் இருந்தது.

“பலமா இல்லடி,” என்றாள் அம்மா அவசரமாக. “லேசா. அடி படாம, சும்மா உக்காந்து எந்திரிக்கிற மாதிரி. ஒரே ஒரு தடவை விழுந்திருந்தா நீ அஞ்சாவது ஆறாவது வந்திருப்ப. இந்தப் பேச்சே வந்திருக்காது. உனக்குத் தெரியாமலே போயிருக்கும். நாம ஊருக்குப் போயி புது வருஷத்துக்கு அரிசிப் பலகாரம் சுட்டுச் சாப்பிட்டுட்டு நிம்மதியா இருந்திருப்போம்.”

நாகிசா அம்மாவைப் பார்த்தாள். நேற்று அத்தனை ஆயிரம் பேர் அவள் விழக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். வேறு பயிற்சியாளர்கள். அவளோடு போட்டி போட்ட பெண்கள்கூட. விழ வேண்டும் என்று நினைத்தது இரண்டே பேர். ஒருத்தி கையைப் பிடித்து அனுப்பினவள், இன்னொருத்தி பெற்றவள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வந்திருந்தால் அம்மா கண்ணைத் துடைத்துவிட்டிருப்பாள், இவளும் துடைக்க விட்டிருப்பாள், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பெஞ்சின் முதுகைப் பிடித்து நிமிர்ந்தாள். அம்மா தாங்கப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

“வேணாம்மா.”

“எங்கடி போற?”

“செகிமொதோ சாரைப் பாக்க.”

“டீச்சர் வாழ்க்கையே போயிடும் நாகிசா. அந்தச் சின்னக் குழந்தை என்ன பண்ணிச்சு? உன் கூட மார்ச்ல யார் வருவா? டீச்சரும் இல்லாம, தனியா போயி என்ன பண்ணுவ?”

“நேத்தும் தனியாத்தாம்மா ஆடியிருக்கேன். எனக்குத்தான் தெரியல.”

அம்மா மூட்டையை மறுபடி முடிந்தாள்.

தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் மரியாதையாக வழி விட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரர், “அருமையான முடிவும்மா, என் பொண்ணுகிட்ட சொல்லப் போறேன்,” என்றார். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் டீச்சர் இன்னும் நின்றிருந்தாள். நாகிசா அவளைத் தாண்டிப் போனாள். டீச்சர் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை.

செகிமொதோவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அறை நடுவில் ஒரு முக்காலி மேல் இரோஹா நின்றுகொண்டிருந்தாள். முதுகில் நாட்டின் பெயர் எழுதின சிவப்பு ஜாக்கெட்டை அவளுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவு எடுக்கிற அம்மாள் வாயில் குண்டூசிகளோடு கீழ்த்தையலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடல் பொருந்தியிருந்தது. ஜாக்கெட் கை மட்டும் விரல் நுனி வரைக்கும் தொங்கியது. இரோஹா அவளைப் பார்த்ததும் அந்த நீளக் கையை ஆட்டிச் சிரித்தாள்.

இப்போது வேண்டாம், இவள் போன பிறகு சொல்லலாம் என்று நாகிசாவுக்கு ஒரு கணம் தோன்றியது. போன பிறகு, யாரும் கேட்காதபோது, கதவைச் சாத்திக்கொண்டு. நவம்பரில் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் செய்தார்கள்.

“சார்,” என்றாள். “நான் விட்டுக்கொடுக்கல. எனக்கு மார்ச்சுல போகணும். குழுவைக் கூப்பிடுங்க.”

செகிமொதோ எழுந்து நின்றார். அளவு எடுக்கிற அம்மாளின் கை நின்றுபோனது. இரோஹா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. எப்போது புரிந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாகிசாவுக்குத் தெரிந்தது. நம்பின ஆளைப் பார்த்து, நீயா என்று கேட்கிற முகம். யாருடைய முகத்திலாவது அது வருவதற்குத் தான் காரணமாவோம் என்று நாகிசா கனவிலும் நினைத்ததில்லை.

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் இரோஹா,” என்றாள். “எனக்கும் தெரியாது. என்கிட்ட யாரும் கேக்கல.”

பிள்ளை தலையை ஆட்டினாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். யாரும் சொல்லாமலே ஜிப்பை இழுத்து, குண்டூசி குத்தாமல் ஒவ்வொரு கையாக மெதுவாக உருவி, ஜாக்கெட்டை நன்றாக மடித்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“எனக்கு இதோட கை நீளமாத்தான் இருந்துச்சுக்கா,” என்றாள்.